போனைக் காரின் திரையோடு இணைப்பது: ஹோல்டர், கேபிள், வயர்லெஸ் அடாப்டர், புதிய திரை – எது யாருக்கு?

எஞ்சின் நன்றாக இருக்கிறது, ஏசி நன்றாக இருக்கிறது, ஆனால் டேஷ்போர்டில் இருப்பது எஃப்.எம்மும் சிடியும் மட்டும் பாடுகிற பழைய ஸ்டீரியோ என்ற நிலையில் காரை மாற்றவும் மனமின்றி, அப்படியே விடவும் மனமின்றி இருப்பவர்கள் பலர். இன்னொரு சாரார் காரில் ஆண்ட்ராய்டு ஆட்டோவோ ஆப்பிள் கார்பிளேயோ ஏற்கெனவே இருக்கிறது; ஆனால் ஒவ்வொரு முறையும் கேபிளைச் செருகினால்தான் வேலை செய்கிறது என்பதால், அதை வயர்லெஸ் ஆக்கப் பணம் செலவிடலாமா என்று கேட்கிறார்கள். புதிய கார் வாங்கப்போகிறவர்கள், பெரிய திரைக்காக மேல் வேரியண்ட்டுக்குப் போகலாமா என்று தயங்குகிறார்கள். மூன்று சாராருக்கும் கடைகளில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: இருப்பதிலேயே பெரிய திரையைப் போடுங்கள். அந்தப் பதில் பலருக்குப் பொருந்தாது என்பதால்தான் இந்த ஒப்பீடு.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழி கண்டுபிடிப்பது, பாட்டைத் தேடுவது, அழைப்பை எடுப்பது ஆகிய வேலைகளைப் போன் செய்ய வேண்டும். காரில் உள்ள திரை அதைக் காட்டும் கண்ணாடியாக இருந்தால் போதும். போனை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறோம், அதன் மென்பொருளும் இடையிடையே புதுப்பிக்கப்படுகிறது. கார் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடுகிறது. காரின் திரைக்குள் தனியாக ஒரு கணினியைக் குடிவைத்தால் அது வாங்கிய நாளிலிருந்தே பழையதாகத் தொடங்கும். 2014 மார்ச்சில் ஜெனீவா வாகனக் கண்காட்சியில் அறிமுகமான கார்பிளேயும், அதே ஆண்டு ஜூனில் அறிவிக்கப்பட்டு 2015-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இந்தக் கொள்கையில்தான் இயங்குகின்றன: செயலி போனிலேயே ஓடுகிறது, அதன் படம் மட்டும் காரின் திரைக்கு வருகிறது, நாம் திரையைத் தொட்டால் அந்தத் தொடுகை போனுக்குத் திரும்பிச் செல்கிறது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், சாலையிலிருந்து கண் எவ்வளவு நேரம் விலகுகிறது என்பது. காரோடு முறையாக இணைத்துவிட்டாலே பாதுகாப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. பிரிட்டனில் ஐ.ஏ.எம். ரோட்ஸ்மார்ட் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்புக்காக டி.ஆர்.எல். ஆய்வு நிறுவனம் செய்து 2020-இல் வெளியான சோதனையில், கார்பிளேயைத் தொட்டு இயக்கியவர்களின் எதிர்வினை நேரம் 57 விழுக்காடும், ஆண்ட்ராய்டு ஆட்டோவைத் தொட்டு இயக்கியவர்களின் எதிர்வினை நேரம் 53 விழுக்காடும் நீண்டன. குரலால் இயக்கியபோது அது முறையே 36, 30 விழுக்காடாகக் குறைந்தது. எனவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், ஸ்டீயரிங்கில் உள்ள பட்டனை அழுத்திப் பேசி வேலையை முடிக்க முடிகிறதா என்பதே திரையின் அங்குலத்தைவிட முக்கியமான கேள்வி.

இரண்டாவது, இணைப்பின் உறுதி: வெயிலில், மலைப்பாதையில், போன் சூடேறிய நிலையில் அது தாக்குப்பிடிக்கிறதா? மூன்றாவது, காரின் சொந்த உறுப்புகளான ஸ்டீயரிங் பட்டன்கள், மைக், ரிவர்ஸ் கேமரா ஆகியவற்றோடு அது ஒத்துப்போகிறதா? நான்காவது, எத்தனை ஆண்டு பயன்படும்? ஐந்தாவது, பில்லில் வராத செலவுகள். விலை எல்லோர் கண்ணிலும் படும். இந்த ஐந்தாவதுதான் படுவதில்லை.

## ஹோல்டரும் ப்ளூடூத்தும்

மிகக் குறைந்த செலவு இதுதான்: சில நூறு ரூபாய்க்கு ஒரு ஹோல்டர், ஒரு நல்ல சார்ஜர். ஸ்டீரியோவில் ப்ளூடூத் இருந்தால் மேப்பின் குரல் காரின் ஸ்பீக்கரில் வரும். அது இல்லாவிட்டால் ஏயூஎக்ஸ் கேபிள். அதுவும் இல்லாவிட்டால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். கூகுள் மேப் தமிழிலேயே வழி சொல்வதால், குரலை மட்டும் நம்பி ஓட்டப் பழகிக்கொண்டவருக்குத் திரையின் தேவையே பாதியாகக் குறைந்துவிடும்.

சட்டத்தின் பக்கமும் பார்க்க வேண்டும். ஓட்டும்போது போனைக் கையில் வைத்துப் பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவின்கீழ் ஆபத்தான ஓட்டுதலாகக் கருதப்படுகிறது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் வழி காண்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்த இடம் தருகிறது. ஹோல்டரில் மேப் ஓடுவது இதற்குள் அடங்கும்; அதே ஹோல்டரில் வாட்ஸ்அப் செய்தி படிப்பது அடங்காது.

இந்த வழியின் பெரிய எதிரி வெயில். ஐபோனைப் பயன்படுத்தத் தகுந்த சூழல் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை என்று ஆப்பிள் சொல்கிறது. மே மாதத்தில் முன்கண்ணாடிக்குக் கீழே, சார்ஜ் ஏறிக்கொண்டே, மேப்பும் ஓடிக்கொண்டிருக்கும் போன் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை: முதலில் திரை மங்கும், பிறகு சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் போன் ஆறும்வரை காத்திருக்கச் சொல்லும் எச்சரிக்கை வந்து மேப்பே மறைந்துவிடும். கண்ணாடியில் ஒட்டும் ஹோல்டரைவிட ஏசி வென்ட்டில் மாட்டும் ஹோல்டர் நம் ஊர்களுக்கு மேலானது. குளிர்காற்று போனின் முதுகில் படும். ஆனால் கனமான போனை மேடுபள்ளமான சாலையில் சுமந்தால் வென்ட்டின் மெல்லிய பிளாஸ்டிக் தகடுகள் உடையும், உடைந்தால் பல கார்களில் வென்ட் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். ஏர்பேக் திறக்கும் மூடியின்மேல் எதையும் ஒட்டக் கூடாது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

இன்னும் ஓரிரு ஆண்டுகளில் காரை விற்கப்போகிறவர்களுக்கும், வாரத்தில் ஒருநாள் மட்டும் கார் எடுப்பவர்களுக்கும், வாடகைக் காரில் மாறிமாறி ஓட்டுபவர்களுக்கும் இதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை.

## கேபிள் இணைப்பு

காரில் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்பிளேயும் தொழிற்சாலையிலேயே வந்திருந்தால், செலவே இல்லாத, உறுதியான வழி கேபிள்தான். போன் சார்ஜும் ஏறும், தாமதமும் இருக்காது. அடிக்கடி கேட்கும் புகார், பாதி வழியில் இணைப்பு அறுந்துபோகிறது என்பது. இதற்குப் பெரும்பாலும் காரணம் காரும் அல்ல, போனும் அல்ல. சார்ஜுக்கு மட்டுமே பயன்படும் மலிவான கேபிளோ, தளர்ந்துபோன போனின் துளையோதான். கூகுளின் பரிந்துரை, ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கும் தரமான கேபிளை, இடையில் ஹப்போ நீட்டிப்போ இல்லாமல் நேரடியாகச் செருக வேண்டும் என்பது. புதிய திரை வாங்கலாமா என்று யோசிக்கும் முன், போனின் துளையில் சேர்ந்த பஞ்சைச் சுத்தம் செய்து, நல்ல கேபிள் ஒன்றை மாற்றிப் பாருங்கள்.

காரில் இரண்டு யூ.எஸ்.பி. துளைகள் இருந்தால் ஒன்று சார்ஜுக்கு மட்டுமானதாக இருக்கலாம். பழைய காரை வாங்கும்போது விளம்பரத்தில் மிரர்லிங்க் (போனின் திரையைக் காரில் காட்டும் பழைய முறை) என்று மட்டும் இருந்தால் அதை ஒரு வசதியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்; சாம்சங் 2020-இலேயே அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது, இன்றைய போன்களோடு அது பயன்படாது.

மலைப்பாதையில் இந்த வழியின் அருமை தெரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளிலோ சிக்னல் விட்டுவிட்டு வரும்போது, புறப்படும் முன் போனில் இறக்கி வைத்த ஆஃப்லைன் மேப்பே காரின் திரையிலும் ஓடுகிறது. தனி இணையம் தேவைப்படும் திரைகளுக்கு இந்த வசதியைத் தனியாக ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

## வயர்லெஸ்: காரிலேயே வந்தது, அடாப்டரால் வருவது

வயர்லெஸ் இணைப்பில் ப்ளூடூத் அறிமுகம் செய்துவைக்கிறது; படமும் ஒலியும் வைஃபை வழியாகச் செல்கின்றன. ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் 11-ஆம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் வேண்டும். ஐந்து நிமிடத்தில் கடைக்குப் போய் வருகிறவருக்கு, போனைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலேயே மேப் திரையில் வந்து நிற்பது மெய்யான வசதிதான். நீண்ட பயணத்தில் கதை மாறுகிறது. போன் ஒரே நேரத்தில் ஜி.பி.எஸ்ஸையும் வைஃபையையும் ப்ளூடூத்தையும் மொபைல் டேட்டாவையும் இயக்குவதால் சூடாகிறது, பேட்டரி வேகமாக இறங்குகிறது. அதை ஈடுகட்ட வயர்லெஸ் சார்ஜரில் வைத்தால் சூடு மேலும் கூடுகிறது. ஆகவே சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும்போது கேபிள் மறுபடியும் கைக்கு வரும்.

காரில் கேபிள் வழி மட்டும் இருந்தால், யூ.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய அடாப்டர் அதை வயர்லெஸ் ஆக்கும். இதன் விலை சில ஆயிரம் ரூபாய். கேபிள் வழி ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்பிளேயோ ஏற்கெனவே இயங்கும் காரில் மட்டுமே இது வேலை செய்யும், வெறும் யூ.எஸ்.பி. பாட்டுத் துளை உள்ள பழைய ஸ்டீரியோவில் இதைச் செருகி எந்தப் பயனும் இல்லை. வாங்கி ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். மோட்டோரோலாவின் எம்.ஏ.1 போன்றவை ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு மட்டுமானவை. வீட்டில் ஒருவரிடம் ஐபோனும் இன்னொருவரிடம் ஆண்ட்ராய்டும் இருந்தால் இரண்டுக்கும் பொருந்துவதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அன்றாடத்தில் படும் சிறு தொல்லைகளும் உண்டு. சாவியைத் திருப்பியபின் இணைப்பு ஏற்படச் சற்று நேரம் பிடிக்கும். பாட்டை மாற்றினால் ஒரு கணம் கழித்தே மாறும். கணவன், மனைவி இருவரின் போனும் காருக்குள் இருந்தால் கடைசியாக இணைந்த போனையே அடாப்டர் தேடிப் பிடிக்கும். ஓட்டுகிறவரின் மேப்புக்குப் பதிலாக அருகில் இருப்பவரின் அழைப்பு திரையில் வரும். சில கார்களில் எஞ்சினை நிறுத்திய பிறகும் யூ.எஸ்.பி. துளையில் மின்சாரம் சிறிது நேரம் இருக்கும். வீட்டு வாசலில் கார் நின்றால், உள்ளே வந்து எடுக்கும் அழைப்பின் குரல் வாசலில் நிற்கும் காருக்குள் ஒலிக்கும். வாங்கிய கையோடு ஒரு வாரம் எல்லா வகையிலும் பயன்படுத்திப் பார்த்து, ஒத்துவராவிட்டால் திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்குவதே நல்லது.

## புதிய திரை

பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டுப் புதிய திரை போடுவதில் இரு வகைகள் இருக்கின்றன. கடைகளில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்.

ஒன்று, சோனி, பயனியர், கென்வுட் போன்ற ஒலிக்கருவி நிறுவனங்களின் திரை. பெரும்பாலும் டபுள் டின் எனப்படும் 180 மி.மீ. அகலமும் 100 மி.மீ. உயரமும் கொண்ட குழியில் உட்காரும், ஏழு அங்குலத்தை ஒட்டிய அளவுடையவை. தனியாகச் செயலிகளை ஏற்ற முடியாது; கார்பிளேயையும் ஆண்ட்ராய்டு ஆட்டோவையும் முறையாகக் காட்டும், நல்ல ஒலி தரும், சாவி போட்டவுடன் எழுந்துகொள்ளும். மற்றொன்று, 9 அல்லது 10 அங்குல ஆண்ட்ராய்டு திரை. இது ஒரு மலிவான டேப்லெட்டை டேஷ்போர்டில் பதித்ததற்குச் சமம்: யூடியூப் ஓடும், சிம் போடும் வகைகளும் உண்டு, ஒவ்வொரு கார் மாடலுக்கும் பொருந்தும் சட்டத்தோடு (ஃபிரேம்) வருவதால் பார்வைக்குக் கம்பெனித் திரை போலவே இருக்கும்.

இரண்டாவது வகையின் விலை குறைவு, திரை பெரிது, வசதிகளின் பட்டியல் நீளம். அப்படியிருந்தும் நான் முதல் வகையையே பரிந்துரைக்கிறேன். மலிவான ஆண்ட்ராய்டு திரைகளில் 2 ஜி.பி. ரேம் உள்ளவை மேப்பையும் பாட்டையும் ஒன்றாக ஓட்டும்போதே திணறும். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் ஆண்ட்ராய்டு பதிப்பு எண்ணும் உள்ளே உண்மையில் இருக்கும் பதிப்பும் ஒன்றாக இருப்பதில்லை என்பது இவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை. பாதுகாப்புப் புதுப்பிப்புகளை எதிர்பார்க்க முடியாது. அப்படிப்பட்ட ஒரு கருவியில் உங்கள் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்நுழைகிறீர்கள். கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இவற்றில் பலவற்றில் ஸீலிங்க் போன்ற இடைச்செயலி வழியாகவே ஓடுகின்றன. போனின் மென்பொருள் மாறிய மறுநாள் இணைப்பு நின்றுவிட்டால் பொறுப்பேற்க யாரும் இருக்கமாட்டார்கள். ஓட்டும்போது வீடியோ ஓடக்கூடிய திரையை ஓட்டுநரின் கண்ணெதிரே வைப்பதை என்னால் ஒரு வசதியாகக் கருத முடியவில்லை. பின்னிருக்கையில் குழந்தைகளோடு நெடுந்தூரம் போகும் குடும்பங்கள் நிறுத்தங்களில் படம் பார்க்க விரும்புவது புரிகிறது. அதற்கு ஒரு தனி டேப்லெட் போதும்.

பொருத்தும் வேலையில்தான் பில்லில் வராத செலவுகள் அதிகம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ உங்கள் ஊர்க் கடையிலோ, முன்பணம் கொடுக்கும் முன் சிலவற்றைத் தெளிவாகக் கேட்டு, முடிந்தால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வயரை வெட்டாமல் கப்ளருக்குக் கப்ளர் (வயர் முனையில் உள்ள இணைப்பான்) மாட்டுகிறார்களா? வெட்டினால் அந்த இடத்தைக் காட்டியே சர்வீஸ் சென்டர் மின்சாரக் கோளாறுகளுக்கு வாரண்டி மறுக்கக்கூடும். ஸ்டீயரிங் பட்டன்கள் வேலை செய்யுமா? பழைய கார்களில் இவை எளிய மின்தடை வயர்களில் இயங்கும். பிற்காலக் கார்களில் கேன் பஸ் எனப்படும், காரின் மின்னணு உறுப்புகளை இணைக்கும் தகவல் வலை வழியாகச் செய்தி போவதால் அதற்கெனத் தனி டிகோடர் பெட்டி வேண்டும், அதற்குத் தனி விலை. ஏற்கெனவே உள்ள ரிவர்ஸ் கேமராவின் படம் புதிய திரையில் வருமா, வழிகாட்டிக் கோடுகள் வருமா? ஹெட்லைட் போட்டவுடன் திரையின் வெளிச்சம் குறையும்படி இல்லுமினேஷன் வயர் இணைக்கப்படுகிறதா? இந்த ஒரு வயரை விட்டுவிட்டால், இரவு நெடுஞ்சாலையில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைத் திரையோடு ஓட்ட வேண்டியிருக்கும். மைக்கை ஓட்டுநர் பக்கத் தூண் அருகில் வைக்கிறார்களா, திரைக்குப் பின்னாலேயே விட்டுவிடுகிறார்களா? ஜி.பி.எஸ். ஆண்டெனா முன்கண்ணாடிக்குக் கீழே வருகிறதா?

திரை முழுவதும் அணையாமல் உறக்க நிலையிலேயே இருக்கும்படி அமைத்திருந்தால், வெளியூர் போய்த் திரும்பும்போது பேட்டரி இறங்கி கார் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கலாம். கடைசியாக, அந்தக் காரின் பழைய ஸ்டீரியோவைத் தூக்கிப் போடாதீர்கள். துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். கார் விற்கும்போதோ வாரண்டிக்குப் போகும்போதோ அது தேவைப்படும்.

## ஒரே பார்வையில்

| வழி | காரில் முன்பே இருக்க வேண்டியது | செலவு | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| ஹோல்டர், ப்ளூடூத் | எதுவும் இல்லை | சில நூறு ரூபாய் | வெயிலில் போன் சூடாதல், வென்ட் உடைதல் |
| கேபிள் | ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்பிளே | நல்ல கேபிளின் விலை | துளை தளர்தல் |
| வயர்லெஸ் அடாப்டர் | கேபிள் வழி இணைப்பு | சில ஆயிரம் ரூபாய் | சூடு, பேட்டரி, இரு போன் குழப்பம் |
| நிறுவனத் திரை | பொருந்தும் குழி | பல ஆயிரம் ரூபாய் | சட்டம், டிகோடர், பொருத்தும் கூலி |
| ஆண்ட்ராய்டு திரை | காருக்கேற்ற சட்டம் | பல ஆயிரம், தரத்துக்கேற்ப | திணறல், புதுப்பிப்பு இன்மை, பேட்டரி இறங்குதல் |

## எந்த நிலையில் எது

காரில் கேபிள் வழி இணைப்பு இருக்கிறது, நீண்ட பயணங்களே அதிகம் என்றால் கேபிளோடு இருங்கள். அதே கார், நாளுக்கு நாலு முறை ஊருக்குள் ஏறி இறங்கும் வேலை, போனும் புதியது என்றால் அடாப்டர் கொடுத்த பணத்துக்குத் தகும். திரையே இல்லாத காரை இன்னும் ஐந்து ஆண்டாவது வைத்திருப்பீர்கள் என்றால், ஒலிக்கருவி நிறுவனத்தின் திரை. காரின் குழி வழக்கத்துக்கு மாறான வடிவில் இருந்து, பொருந்தும் சட்டம் ஆண்ட்ராய்டு திரைக்கு மட்டுமே கிடைக்கிறது என்றால் அதையே போடலாம். ஆனால் அதில் தனிக் கூகுள் கணக்கு ஒன்றைத் தொடங்கிப் பயன்படுத்துங்கள், வழி காட்டும் வேலையைப் போனிடமே விட்டுவிடுங்கள். கார் கைமாறும் நாளில், எந்தத் திரையாக இருந்தாலும், அதில் பதிவான தொடர்பு எண்களையும் வீட்டு முகவரியையும் அழித்து ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகே சாவியைக் கொடுங்கள்.

## மேல் வேரியண்ட்டுக்குப் போகலாமா?

திரைக்காக மட்டும் என்றால் வேண்டாம். மேல் வேரியண்ட் எல்லா வகையிலும் மேலானது என்ற எண்ணத்துக்கு ஹூண்டாய், கியா கார்கள் சில நல்ல மறுப்பு: பல ஆண்டுகள் அவற்றின் 8 அங்குலத் திரை வேரியண்ட்டுகளில் வயர்லெஸ் இணைப்பு இருந்தது, விலை கூடிய 10.25 அங்குலத் திரையில் கேபிள் வழி மட்டுமே இருந்தது. ஆகவே அட்டையில் உள்ள பட்டியலை நம்பாமல், டெஸ்ட் டிரைவுக்கு உங்கள் போனையும் உங்கள் கேபிளையும் கொண்டு போங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே வேரியண்ட்டில் இணைத்து, வெயில் நேரத்தில் குறைந்தது கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங்கில் உள்ள குரல் பட்டனை அழுத்தி ஒரு ஊர்ப்பெயரைச் சொல்லி வழி கேளுங்கள். மேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிவர்ஸ் போட்டு, கேமரா எவ்வளவு விரைவில் வருகிறது என்று பாருங்கள்.

மேப் திரையில் இருக்கும் நிலையில் ஏசியைக் கூட்டவும் குறைக்கவும் முயன்று பாருங்கள். அதற்கும் திரையையே தொட வேண்டியிருந்தால், ஓட்டும்போது கண் சாலையைவிட்டு விலகும் தடவைகள் கூடும். கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் முழு மதிப்பெண் பெற இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பட்டனோ தண்டோ இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. அந்தப் பட்டியலில் ஏசி இல்லை. நம் வெயிலுக்கு அதையும் நாமே சேர்த்துக்கொண்டு, திருகும் குமிழ் உள்ள காரைத் தேர்ந்தெடுப்பதுதான் நல்லது.